சுகர் பார்க்கும் வாட்ச் என்று சொல்லி என் 2,800 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள், நீங்களும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்

இன்று காலை நான்காவது தடவையாக அந்தக் கடைக்குப் போய், நான்காவது தடவையாக வெறுங்கையோடு திரும்பி வந்தேன். வந்த சூட்டோடுதான் இதை எழுதுகிறேன், கை இன்னும் படபடக்கிறது. 2,800 ரூபாய். சிலருக்கு அது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நான் மதுரை அனுப்பானடியில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு 200 ரூபாய் வாங்குகிறேன், அப்படியென்றால் 14 ஜாக்கெட். வெட்டி, தைத்து, கொக்கி கட்டி, அயர்ன் பண்ணி மடித்துக் கொடுத்த 14 ஜாக்கெட் அப்படியே போய்விட்டது. கையில் கொஞ்சம் காசை வைத்துக்கொண்டு முதல் தடவையாக ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் இதை முழுக்கப் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்கணும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சுகர் வந்து இரண்டு வருஷம். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. நடக்கச் சொன்னார்கள் என்று தினமும் விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன், ஒரு சுற்று வந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். அங்கே நடக்கிறவர்களில் நிறைய பேர் கையில் இந்த வாட்ச் இருக்கிறது. என்னோடு நடக்கிற ஒரு அக்கா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "இன்னைக்கு ஆறாயிரம் அடி ஆயிருச்சு" என்பார். எனக்கும் ஆசை வந்தது, அதில் என்ன தப்பு?

மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் சரியாகத்தான் சொன்னாள். "அம்மா, 1,500 ரூபாய்க்குள்ளயே பேர் தெரிஞ்ச கம்பெனி வாட்ச் இருக்கு. அடி எண்ணும், நாடித் துடிப்பு பாக்கும், போன் வந்தா அதுலயே பேசலாம். ஜிபிஎஸ் எல்லாம் அந்த விலைக்கு வராது, உனக்கு அது வேணாம்." சீட்டுப் பணம் வந்ததும் 1,500 ரூபாயைத் தனியாக எடுத்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஆன்லைனில் போட்டுவிடலாம் என்றாள். நான்தான், கையில் கட்டிப் பார்த்து வாங்குகிறேன், லைனிங் துணி வாங்க எப்படியும் டவுனுக்குப் போகத்தானே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

கடை பேரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிற வரைக்கும் போடாதே என்கிறாள் மகள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், போன் கவரும் சார்ஜரும் ஹெட்செட்டும் தொங்கவிட்டு விற்கிற சின்னக் கடை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெயிலில் போயிருந்தேன். "வாங்கக்கா, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேட்காமலே தண்ணீர் கொடுத்தார் அந்தத் தம்பி. யாருக்கு வாட்ச், எதற்கு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று வீட்டு ஆள் மாதிரி விசாரித்தார். சுகர் இருக்கிறது, நடப்பதற்காக என்றதும், "அப்படியாக்கா, கடைசியா எவ்வளவு இருந்துச்சு? பிபி எவ்வளவு?" என்று கேட்டார். அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து 168, பிபி 140/90 என்று சொன்னேன். அவர் தன் போனை எடுத்து ஏதோ தட்டினார். அப்புறம் ஆரஞ்சு கலர் பட்டை போட்ட பெரிய வாட்ச் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கட்டினார். அடியில் பச்சை விளக்கு மினுமினுவென்று அடித்தது, திரையில் ஒரு இதயம் துடித்தது, அரை நிமிஷம் போல ஓடி நின்றது. பிபி 142/91. அடுத்ததாகச் சுகர் என்று ஒன்றைத் தொட்டார். 166.

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். நான் சொன்ன அளவோடு இவ்வளவு ஒட்டி வருகிறதே, ஆஸ்பத்திரியில் பார்த்த மாதிரியே இருக்கிறதே என்று என் மனசே எனக்குச் சொல்லிவிட்டது. "இனிமே விரல்ல குத்தவே வேணாம்க்கா" என்றார். ஊசி குத்தி ஊசி குத்தி நுனியெல்லாம் காய்த்துப்போன என் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தன் போனில் ஒரு அம்மா படத்தைக் காட்டி, "எங்க அம்மாவும் இதத்தான் கட்டியிருக்காங்க, நம்ம கடைய நம்பி கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றார். விலை 4,500, உங்களுக்காக 2,800 என்றார். கையில் இருந்தது வாட்ச் காசு 1,500-ம், வாடிக்கைக்காரர்கள் லைனிங் துணிக்குக் கொடுத்த 1,300-ம். இரண்டையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். துணி வாங்காமலே பஸ் ஏறினேன்.

வீட்டில் மகள் அதைத் தன் போனோடு சேர்த்தாள். பெட்டியில் இருந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் பிளே ஸ்டோருக்குப் போகாமல் ஏதோ ஒரு தளத்திலிருந்து ஆப் இறங்கியது, போன் நம்பர் பட்டியலைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. அவள் மறுத்துவிட்டாள். அன்றைக்கே அவள் முகம் சரியில்லை, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் பன்னிரண்டு நாள். காலையில் 102, மத்தியானம் சாப்பிட்டபின் 105, ராத்திரி 98. அடேயப்பா, நடந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். 98 என்று பார்த்த அன்று, இதற்கு மேல் மாத்திரையும் போட்டால் தாழ்ந்து மயக்கம் வந்துவிடுமோ என்று பயந்து ராத்திரி மாத்திரையை நிறுத்தினேன். திருப்பரங்குன்றத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. ஒரு நாள் முழுக்க மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை, முகூர்த்த நேரம், அன்றைக்கு ராத்திரி வாட்ச் 9,400 அடி என்றது. துணியைத் தள்ளுகிற கை அசைவை எல்லாம் அடி என்று எண்ணியிருக்கிறது. அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற அம்மா வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் தொட்டார். 268. நான் கையை நீட்டி வாட்சைக் காட்டினேன். அதே நேரத்தில் அதில் 104. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை.

அன்று சாயங்காலம் மகள் அந்த ஆப்பைக் குடைந்தாள். உள்ளே ஒரு இடத்தில் நம் சுகர் அளவு, பிபி அளவு இரண்டையும் நாமே எழுதி வைக்கலாம். அவள் 300 என்று எழுதினாள். அடுப்படியிலிருந்து ஒரு வாழைக்காயை எடுத்து வந்து வாட்சை அதில் இறுக்கிக் கட்டினாள். பச்சை விளக்கு மினுமினுத்தது, இதயம் துடித்தது, சுகர் 297. மறுபடி 90 என்று எழுதினாள். வாழைக்காய்க்கு 92. கடையில் அந்தத் தம்பி என்னிடம் கேட்டதும், போனில் தட்டியதும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. என் வாயிலிருந்தே நம்பரைப் பிடுங்கி அதையே என் கையில் கட்டிக் காட்டியிருக்கிறார்.

மறுநாள் கடைக்குப் போனேன். ஒரு சின்னப் பையன், "அண்ணன் வெளிய போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்றான். இரண்டாம் தடவை அந்தத் தம்பியே இருந்தார். "ஆப் அப்டேட் ஆகணும்க்கா, ஒரு வாரம் போட்டுப் பாருங்க, செட் ஆயிரும்." வாழைக்காய் கட்டின வீடியோவைக் காட்டினேன், பார்க்கவே இல்லை, அடுத்த ஆளுக்குக் கவர் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். மூன்றாம் தடவை, சென்னைக்கு அனுப்பணும், 40 நாள் ஆகும், கொரியருக்கு 250 ரூபாய் நீங்கள் தரணும் என்றார். 2,800 போனது போதாது என்று அதன் மேல் 250! வாட்ஸ்அப்பில் அனுப்பினதற்கு முதலில் நீல டிக் வந்தது, இரண்டு நாளில் அவர் படமே மறைந்துவிட்டது.

இன்று காலை போனபோது அக்கா என்ற சொல்லே இல்லை. "ஏம்மா, யாவார நேரத்துல வந்து நிக்கிறீங்க, அங்கிட்டு தள்ளி நில்லுங்க" என்றார். பெட்டியின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டி, இது மருத்துவக் கருவி இல்லை என்று அதிலேயே போட்டிருக்கிறது என்றார். அப்படியென்றால் விரலில் குத்த வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார், என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பில்லை நீட்டினால், அது பில்லே இல்லையாம், எஸ்டிமேட்டாம், அதாவது வெறும் விலை எழுதின சீட்டாம். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, மாடல் பேர் இல்லை, "வாட்ச் 1 - 2,800" என்று மட்டும் எழுதி, கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணினேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். மகள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள். பில் கொடுக்காததும் முறையற்ற வியாபாரம்தான், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வியாபாரம்தான், இத்தனை நாளுக்குள் திரும்பக் கொடுக்கலாம் என்று பில்லில் எதுவும் போடாவிட்டால் 30 நாளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. எனக்கு இன்னும் 30 நாள் ஆகவில்லை. 1915-ல் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சத்துக்குள் உள்ள பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது.

இன்னொன்றும் அவள் காட்டினாள். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது, தோலில் குத்தாமல் தானாகச் சுகர் அளக்கும் என்று விற்கிற எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, நம்பி வாங்காதீர்கள் என்று. லட்சக்கணக்கான பேர் வாங்குகிற ஆப்பிள் வாட்ச் கூட சுகர் அளப்பதில்லை. அந்தப் பச்சை விளக்கு தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிற ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நாடியைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். சாம்சங் வாட்சில் பிபி பார்க்கணும் என்றாலே கையில் பட்டை கட்டி ஊதுகிற மெஷினோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 2,800 ரூபாய்க்கு இவர் எனக்கு எல்லாம் தருகிறேன் என்றார், நானும் நம்பினேன்.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை, அவசரமாகச் சொல்கிறேன். சுகர் பார்க்கும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கடையில் உங்கள் பிபி, சுகர் அளவைச் சொல்லாதீர்கள், அளந்து காட்டிய பிறகு ஒத்துப் பாருங்கள். எஸ்டிமேட் வாங்காதீர்கள், 33 என்று தொடங்குகிற 15 இலக்க ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கேளுங்கள். பெட்டியில் பிஐஎஸ் என்கிற இந்தியத் தர முத்திரையும் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிற பதிவு எண்ணும் இருக்கணும், பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது என்று வரும். என் பெட்டியில் அது இல்லவே இல்லை. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள். எடுத்து வைத்த காசுக்கு மேலே போகாதீர்கள், நான் 1,500-ஐ விட்டு 2,800-க்குப் போனதால்தான் இவ்வளவும். வாட்சில் வருகிற நம்பரைப் பார்த்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

ராத்திரி மாத்திரையை மறுபடி போட ஆரம்பித்துவிட்டேன். நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். லைனிங் துணிக்குக் காசு கொடுத்தவர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், 1,300-ஐ பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கியிருக்கிறேன், ஆறு ஜாக்கெட் வெள்ளிக்கிழமைக்குள் தைத்துக் கொடுக்கணும். 1915-லிருந்து பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.