கப்பல் பார்க்க 2000 மி.மீ. சூம் கமரா தேவையா? வவுனியாக்காரனின் சில வருட அனுபவம்

இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னிக்குக் கிழக்கிலும் கடல், மேற்கிலும் கடல். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ எந்தக் கரையில் போய் நின்றாலும் வள்ளம் தெரியும், கரைவலை இழுப்பவர்கள் தெரிவார்கள், பெரிய கப்பல் மட்டும் தெரியாது. மன்னார்த் தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் மணல்திட்டுகள், அதற்கு வடக்கே ஆழம் குறைந்த பாக்குநீரிணை. மும்பையிலிருந்து சென்னைக்குப் போகிற சரக்குக் கப்பல்கூட இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். தலைமன்னாருக்கு 1914இல் இருந்து தனுஷ்கோடிக் கப்பல் வந்து போனது உண்மைதான். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அது இராமேசுவரத்திலிருந்து ஓடியது, எண்பதுகளில் சண்டையோடு அதுவும் நின்றது. அதுவும் சின்னப் பயணிகள் கப்பல்தான்.

எங்கள் பக்கத்தில் 'கப்பல்' என்று சொன்னால் பலருக்கு முதலில் நினைவு வருவது வேறு. 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தரை தட்டிய ஜோர்தான் நாட்டு அரிசிக் கப்பல் ஃபாரா 3. அப்புறம், 2009இல் காயக்காரரை ஏற்ற புதுமாத்தளனுக்கு வெளியே வந்து நின்ற செஞ்சிலுவைச் சங்கக் கப்பல். நான் கப்பல் படம் எடுக்கப் போகிறேன் என்றால் வீட்டில் ஒரு மாதிரிப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். அதற்கு மேல் அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆக, கப்பல் பைத்தியம் பிடித்த வன்னிக்காரனுக்குத் திருகோணமலைதான் (நாங்கள் சொல்லும் திருமலை) கதி. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகப் பஸ் இருக்கிறது. இந்தச் சில வருடங்களாக என்னோடு அந்தப் பாதையில் அலைந்தவை இரண்டு சாமான்கள். ஒன்று, லண்டனிலிருந்து வந்த மச்சான் விட்டுவிட்டுப் போன நிக்கோன் கூல்பிக்ஸ் பி900 கமரா. மற்றது, எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று போனில் காட்டும் மரைன்ட்ராபிக் செயலி. இரண்டையும் பற்றித்தான் இந்தப் பகிர்வு. கமராவுக்கு நான் காசு கொடுக்கவில்லை என்பதால் அதை நியாயப்படுத்த வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை.

பி900 வந்தது 2015இல். 83 மடங்கு சூம், அதாவது 24 மி.மீ.யில் இருந்து 2000 மி.மீ. வரை; இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். பற்றறியோடு சேர்த்து 900 கிராம் அளவில் நிற்கும். இதைக் கையில் எடுக்கிற எல்லோரும் முதலில் செய்வது நிலவைப் படம் எடுப்பது. நானும் எடுத்தேன், மச்சானும் எடுத்திருந்தார், மெமரி கார்டில் ஒரே நிலா. கமராவிலேயே நிலவை எடுக்க ஒரு தனி அமைப்பு, பறவையை எடுக்க ஒரு தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு இல்லை.

சரி, கப்பலுக்கு இந்த 2000 மி.மீ. எவ்வளவு உதவும்? கணக்கைப் பாருங்கள். பொதி கட்டாத சரக்கைக் கொட்டி ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வரும் கப்பல்கள் பல 180, 190 மீற்றர் நீளமானவை. உட்துறைமுக வீதியில் நின்று நாலு கிலோமீற்றர் தூரத்தில் போகிற அப்படி ஒரு கப்பலை முழுதாகப் படத்துக்குள் கொண்டுவர 700 மி.மீ. போதும். 2000க்குப் போனால் படத்தில் அடங்குவது 72 மீற்றர்தான்; கப்பலில் பாதிகூட வராது. அதனால் என் படங்களில் பெரும்பாலானவை 400க்கும் 800க்கும் இடையில் எடுத்தவை. மீதி வீச்சு சும்மா இருக்கிறது என்று சொல்லமாட்டேன். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் ஏணியில் ஏறுவது, பின்புறத்தில் எழுதியிருக்கிற பெயர், பக்கவாட்டில் இருக்கும் ஆழக் குறிகள், இவற்றுக்கு அது வேண்டும். ஆனால் அதைப் பயன்படுத்தக் காற்று விடவேண்டும்.

காற்று என்று நான் சொல்வது கடலுக்கு மேல் எழும் வெக்கையை. காலை எட்டரை, ஒன்பது தாண்டினால் தண்ணீருக்கு மேல் காற்று நெளியத் தொடங்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 1500 மி.மீ.யில் பார்த்தால் கப்பலின் விளிம்பெல்லாம் கொதிக்கிற ரசத்துக்குள் கிடக்கிற மாதிரி ஆடும். முக்காலி வைத்தாலும் ஆடும், சட்டரை எவ்வளவு கூட்டினாலும் ஆடும். இதற்கு எந்த விலைக் கமராவிலும் மருந்து இல்லை. விடிந்ததில் இருந்து இரண்டு மணித்தியாலம், மழை பெய்து ஓய்ந்த பின்னேரம், வானம் மூடியிருக்கிற நாள், இவைதான் நீண்ட சூமுக்கான நேரம். வவுனியாவில் காலைப் பஸ் ஏறினால் அந்த நேரத்தைப் பிடிக்கவே முடியாது. முதல்நாள் இரவே போய்ச் சித்தி வீட்டில் தங்கிவிடுவேன். இந்தக் கமராவுக்கு உண்மையான துணைக்கருவி திருமலையில் ஒரு சொந்தக்காரர் வீடுதான்.

வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். உட்துறைமுகம் நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. காலையில் வீதியோரத்தில் நின்றால் சூரியன் உங்கள் முதுகில், கப்பல் முகத்தில் வெளிச்சம். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் கறுப்பு உருவம் மட்டும் கிடைக்கும். உவர்மலைப் பக்கமும் அப்படித்தான். கோணேசர் கோயில் மலை நேர்மாறு. அங்கே வெளிக்கடல் கிழக்கே விரிவதால் பின்னேரம்தான் நல்லது.

அந்த மலையில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. கரையில் நிற்கிற ஆளுக்கு அடிவானம் ஐந்து கிலோமீற்றர்கூட இல்லை. 100 மீற்றர் உயரத்தில் நின்றால் ஏறக்குறைய 36 கிலோமீற்றர். தெளிவான பின்னேரத்தில் தூரத்தில் ஒரு சின்னக் கீறு தெரியும். சூம் பண்ணினால் பாரந்தூக்கிகளின் தலை மட்டும் இருக்கும், உடம்பு இருக்காது. கொஞ்ச நேரத்தில் மாலுமிகள் இருக்கும் வெள்ளை மாடம் எழும்பும். கப்பலின் உடம்பு மேலே வர இன்னும் நேரம் எடுக்கும். பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கலாம். இதைப் படமாக எடுக்க முயன்றால் மங்கலாகத்தான் வரும், பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கமராவில் எனக்கு மிகவும் பிடித்தது சூம் வீச்சு இல்லை, லென்ஸின் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னப் பொத்தான். முழு சூமில் கப்பலைத் தவறவிட்டால் திரையில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கும், எங்கே திருப்புவது என்று தெரியாது. அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் காட்சி விரியும்; கப்பலை நடுவில் வைத்துக் கையை எடுத்தால் பழைய சூமுக்குத் திரும்பும். இந்த வசதி இல்லாத கமராவில் இனி என்னால் கப்பல் எடுக்க முடியாது.

பிடிக்காதவையும் சொல்லவேண்டும். பிறகு கணினியில் திருத்த வசதியான ரோ வடிவத்தில் படம் சேமிக்காது, ஜேபெக் மட்டும்தான். கப்பலின் மாடம் வெள்ளை, உடம்பு கறுப்பு அல்லது கடும் சிவப்பு. வெள்ளை வெளிறிவிட்டால் பிறகு கணினியில் மீட்க வழியில்லை. அதனால் வெளிச்ச அளவை எப்போதும் 0.7 குறைத்தே வைத்திருக்கிறேன். முழு சூமில் வெளிச்சம் உள்ளே வரும் துவாரம் சின்னது (எஃப் 6.5), சென்சரும் சின்னது. பொழுதுபட்டால் படத்தில் புள்ளி விழும், இந்த ரகக் கமராக்கள் எல்லாவற்றுக்கும் உள்ளதுதான். தொடர்ச்சியாக ஏழு படம் அடித்தால் அதைச் சேமித்து முடியும்வரை காத்திருக்கவேண்டும். பறவை எடுப்பவர்களுக்கு அது பெரிய குறை. துறைமுகத்துக்குள் வரும் கப்பல் ஒரு மாட்டுவண்டி வேகத்தில்தான் வரும், எனக்கு அது பொருட்டே இல்லை. பற்றறி 360 படம் என்கிறார்கள். ஜிபிஎஸ்ஸைப் போட்டுவிட்டால் அது நடக்காது, அணைத்து வையுங்கள்.

இப்போது செயலிக்கு வருவோம். இது 2007இல் கிரேக்க நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொடங்கிய வேலை. சர்வதேசக் கடலில் ஓடுகிற 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல் ஒவ்வொன்றும் தன் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் ஏஐஎஸ் கருவி வழியாக வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகவேண்டும் என்பது 2004 முடிவிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கும் விதி. ஓடும்போது சில விநாடிக்கு ஒருமுறை, நங்கூரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. கரையில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துச் செயலிக்கு அனுப்புகின்றன. கரையை விட்டுத் தூரம் போனால் இலவசக் கணக்கில் கப்பல் காணாமல் போகும், செய்மதி வழியாகப் பார்க்கக் காசு கட்டவேண்டும்.

இதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிடிபடக் கொஞ்சக் காலம் எடுக்கும். இடமும் வேகமும் கருவி தானாகச் சொல்வது, நம்பலாம். போகும் துறைமுகமும் வந்துசேரும் நேரமும் கப்பலில் இருக்கும் ஒருவர் கையால் தட்டுவது. திருகோணமலைக்கான குறி 'எல்கே டிஆர்ஆர்'. அது தெரிகிறது என்று பை கட்டிக்கொண்டு கிளம்பினால், போன பயணத்துக் குறியை மாற்றாமலே விட்டிருப்பார்கள். அல்லது கப்பல் துறைமுகத்துக்கு முன்னால் இருக்கும் கொட்டியாரக் குடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டு இடம் கிடைக்கும்வரை கிடக்கும். என் வழி இதுதான்: வேகத்தைப் பார்ப்பேன். பன்னிரண்டு நொட்டில் (கப்பல் வேகத்தை அளக்கும் அலகு) வந்தது ஆறு, ஐந்து என்று குறைந்து முகப்பும் துறைமுக வாய்ப்பக்கம் திரும்பினால் பைலட் ஏறப்போகிறார் என்று அர்த்தம். அப்போது கமராவை எடுத்தால் போதும். நேவிக் கப்பல்களைச் செயலியில் தேடாதீர்கள், அவற்றுக்கு இந்த விதி இல்லை.

பைலட் ஏறியதைக் கொடியில் பார்க்கலாம். பாதி வெள்ளை, பாதி சிவப்புக் கொடி பறந்தால் பைலட் உள்ளே. அந்தக் கொடி ஏறும் நேரத்தைத்தான் நான் 2000 மி.மீ.யில் விரும்பி எடுப்பது. பக்கவாட்டில் கயிற்றேணி தொங்கும், கீழே படகு கப்பலோடு ஒட்டியபடி ஓடும். ஆரஞ்சு அங்கி போட்ட ஆள், அலை படகைத் தூக்கிவிடுகிற கணத்தில் ஏணியைப் பிடிப்பார். உயரக் கட்டடம் ஒன்றின் சுவரில் ஆள் ஏறுவது போலத்தான் இருக்கும். கப்பல் எவ்வளவு பெரிது என்று அந்த மனுசன் பக்கத்தில் இருந்தால்தான் படத்தில் தெரியும். வெறும் கப்பலை மட்டும் எடுத்தால் வள்ளம் மாதிரிக் கிடக்கும்.

வருகிற கப்பல்கள் என்ன என்று கேட்பவர்களுக்கு: பிரீமா ஆலைக்குக் கோதுமை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு எரிபொருள். பாணும், வீட்டுத்திட்ட வீட்டுச் சீமெந்தும் வன்னிக்கு வருகிற பாதையின் முதல் முனை இது என்பதால் எனக்கு இந்த அழுக்குச் சரக்குக் கப்பல்களில்தான் ஆசை. எப்போதாவது உல்லாசப் பயணக் கப்பலும் வரும், அன்று வீதியில் எல்லோர் கையிலும் கமரா. உட்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடை ஐயா ஒருவர் சொல்லித் தந்த பார்வை ஒன்று இருக்கிறது. "தம்பி, வரேக்க மட்டும் எடுத்தால் காணாது, போகேக்கயும் எடும். சிவப்பு எவ்வளவு தெரியுது எண்டு பாரும்." பாரத்தோடு வரும்போது தண்ணீருக்குள் இருக்கும் சிவப்புப் பட்டை, இறக்கிவிட்டுப் போகும்போது பல மீற்றருக்கு வெளியே நிற்கும், மூக்குக்குக் கீழே இருக்கும் குமிழும் தெரியும். ஒரே கப்பலின் அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் எடுத்தவற்றில் ஆட்கள் நின்று பார்த்தவை அந்தச் சோடிகள்தான்.

கட்டாயம் சொல்லவேண்டியது ஒன்று. திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள இடம், கோணேசர் மலைக்குப் போகிற வழியும் இராணுவம் இருக்கும் கோட்டைக்குள்ளால்தான். பெரிய லென்ஸை நீட்டினால் ஆள் வரும். "மல்லி, போட்டோ கன்ன எபா" (தம்பி, படம் எடுக்க வேண்டாம்) என்று சிங்களத்தில் சொன்னால் வாதாடாமல் கமராவை இறக்கிவிடுங்கள். கேட்டால் எடுத்த படத்தைக் காட்டுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். படகுத்துறை, முகாம், காவலரண் எதுவும் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகை இருக்கிற இடத்தில் நான் கமராவைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. வவுனியா அடையாள அட்டை வைத்திருப்பவனை அவர்கள் கூடுதலாக அவதானிக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது, இருக்கட்டும்.

கொழும்பைப் பற்றியும் கேட்கிறார்கள். எவர் ஏஸ் மாதிரி 400 மீற்றர் கொள்கலன் கப்பல் பார்க்க அங்கேதான் போகவேண்டும், அது 2021 ஒக்டோபரில் வந்தது. ஆனால் காலிமுகத் திடலில் நின்றால் துறைமுகப் பக்கத்தைக் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரம் மறைக்கிறது. எனக்குத் திருமலையே போதும்.

பராமரிப்பு: உப்புக்காற்றில் நின்று வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைப்பேன். லென்ஸ் வெளியே நீண்டிருக்கும்போது துடைத்த பிறகே உள்ளே போகவிட வேண்டும், உப்பும் வன்னிப் புழுதியும் அந்த இடுக்கில்தான் சேரும். மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். இதுவரை உள்கண்ணாடி சுத்தம்.

2018இல் வந்த பி1000க்கு மாறலாமா என்றால், 3000 மி.மீ., ரோ வசதி எல்லாம் சரி, எடை 1.4 கிலோ. வெக்கை அதற்கும் இதே வெக்கைதான். ரோ கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். பழைய பி900 வாங்குவதென்றால் கடையில் நின்றே முழு சூமுக்கு நீட்டி இரண்டு மூன்று தடவை இழுத்துப் பாருங்கள், சத்தம் சீராக இருக்கவேண்டும். போன் ரோச்சை அடித்து லென்ஸுக்குள் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்புத் திரையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். பற்றறி ஊதியிருந்தால் விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள்.