குழந்தைங்க ஃபிட்னஸ் பேண்ட்: அஞ்சு மாசம் வச்சிருந்த அனுபவம்

மணிக்கட்டுல கட்டிக்கிட்டா எவ்ளோ அடி நடக்கறோம்னு எண்ணி போன் ஆப்ல காட்டற பட்டை இது. முதல்லயே சொல்லிடறேன், பொருள்ல குறை இல்ல. தண்ணில நனைஞ்சுச்சு, கீழ விழுந்துச்சு, ஒரு தடவ சட்டையோட சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள்ளயும் போயிட்டு வந்துச்சு, இன்னும் ஓடுது. ஒரு தடவ சார்ஜ் போட்டா அஞ்சு நாள் தாங்குது. அதனால பிராண்ட் பேர் சொல்லி திட்ட வரல, சொல்லவும் போறதில்ல, ஏன்னா இதே மாதிரி நிறைய பேண்ட் இருக்கு, எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதே சமாச்சாரம்தான். எதுக்கு வாங்கினோமோ அதுக்கு உதவுச்சான்னு கேட்டீங்கன்னா பதில் கொஞ்சம் நீளம்.

பையனுக்கு ஒன்பது வயசு. வருஷா வருஷம் பண்ற செக்கப்புக்கு போனப்ப டாக்டர் உயரம் எடை எடுத்துட்டு ஒரு சார்ட்ல புள்ளி வச்சு காட்டினாங்க. பெரியவங்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பார்க்கற எண்) 25 தாண்டினா அதிக எடைன்னு ஒரே கணக்கு, குழந்தைங்களுக்கு அப்படி இல்லையாம், வயசுக்கும் ஆணா பொண்ணாங்கறதுக்கும் தகுந்த மாதிரி கோடு மாறும். உலக சுகாதார அமைப்பு 2007ல போட்ட சார்ட் அது, 5 வயசுலேர்ந்து 19 வரைக்கும். நடுக்கோட்டுக்கு மேல முதல் கோட்ட தாண்டினா அதிக எடை, ரெண்டாவத தாண்டினா உடல் பருமன். இவன் புள்ளி ரெண்டுக்கும் நடுவுல, மேல் கோட்ட எட்டிப் பிடிக்கிற மாதிரி நின்னுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி வச்ச புள்ளி முதல் கோட்டுக்கு கீழதான் இருந்துச்சு. நாங்க என்னடான்னா வளர்ற பையன், சதை போட்டா தப்பா, உயரம் போடும்போது தானா கரைஞ்சிடும்னு சொல்லிட்டு திரிஞ்சிருக்கோம்.

டாக்டர் ஒண்ணும் பயமுறுத்தல. பட்டினி போடாதீங்க, எடைய குறைக்கணும்னு இல்ல, இப்ப இருக்கறதுல நின்னாலே போதும் உயரம் வந்து சேர்ந்துக்கும்னாங்க. அப்புறம் சாதாரணமா, "ஒரு நாளைக்கு வெளிய எவ்ளோ நேரம் விளையாடுவான்?"னு கேட்டாங்க. நான் யோசிக்காம "ஒரு மணி நேரம் இருக்கும் டாக்டர்"னு சொல்லிட்டேன். சொன்ன உடனே என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார் பாருங்க, அந்த பார்வைக்காகத்தான் வீட்டுக்கு வந்த அன்னிக்கே இந்த பேண்ட ஆர்டர் பண்ணினோம். நெஜமாவே எவ்ளோ நேரம்னு எங்களுக்கே தெரியல.

(5லேர்ந்து 17 வயசு வரைக்கும் சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷம், மூச்சு வாங்கற அளவுக்கு ஓடி ஆடணும்னு உலக சுகாதார அமைப்போட கணக்கு. 2019ல லான்செட் மருத்துவ பத்திரிகை குழுமத்துல வந்த ஆய்வுப்படி, ஸ்கூல் போற 11–17 வயசு பசங்கள்ல உலகம் முழுக்க 81 சதவீதம் பேர் அந்த அளவ தொடறதில்லையாம். படிச்சப்ப அப்பாடா நாம மட்டும் இல்லன்னு ஒரு அல்ப சந்தோஷம் வந்தது, பொய் சொல்லல.)

சரி பேண்டுக்கு வரேன். டப்பாவ திறந்த உடனே ஸ்க்ரீன்ல ஒரு குட்டி மிருகம் வருது, குழந்தை நடக்க நடக்க அது வளரும், நடக்கலன்னா அழும். நாள் டார்கெட் 10,000 அடின்னு அவங்களே வச்சு அனுப்பறாங்க. இந்த 10,000 எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தா சிரிப்பா இருக்கு, 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டற அடி எண்ணற மீட்டர் வித்துச்சு, அதுக்கு பேரே "பத்தாயிரம் அடி மீட்டர்", அவ்ளோதான். பெரியவங்களுக்கு விளம்பரத்துக்கு வச்ச நம்பர் 9 வயசு பையன் கையில வந்து உக்காந்திருக்கு. சின்ன வகுப்பு பசங்களுக்கு அந்த 60 நிமிஷ ஆட்டமும் சேர்ந்தா அடி இதவிட கூடத்தான் வரும்னு ஆய்வுங்க சொல்லுது, பசங்களுக்கு 13,000லேர்ந்து 15,000, பொண்ணுங்களுக்கு 11,000லேர்ந்து 12,000. டார்கெட்ட நாமளே மாத்திக்கலாம், ஆனா எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க செட்டிங்ஸ்ல அஞ்சு இடம் உள்ள போகணும்.

முதல் ரெண்டு வாரம் அமர்க்களம். ராத்திரி படுக்கற நேரத்துல 600 அடி பாக்கின்னு சோபாவ சுத்தி சுத்தி நடப்பான், கண்ணு மட்டும் டிவி மேல. நாங்களும் ஆகா வேலை செய்யுதுன்னு நெனச்சோம். மூணாவது வாரம் ஒரு நாள் ரூமுக்குள்ள போனா கட்டில்ல சாஞ்சு உக்காந்து ஒரு கையில டேப்ல வீடியோ பாத்துட்டு இன்னொரு கைய விசிறி மாதிரி ஆட்டிட்டு இருக்கான். 2,000 அடி ஏறிடுச்சு. உக்காந்த இடத்துலயே. திட்டணும்னுதான் போனேன், ஆனா அந்த மூளைக்கு ஒரு சபாஷ் போடாம இருக்க முடியல.

காரணம் ரொம்ப சிம்பிள். உள்ள இருக்கற சென்சார் காலப் பார்க்கல, மணிக்கட்டு ஆடறதத்தான் பார்க்குது. பல்லு தேய்ச்சாலும் அடி ஏறும். ஆனா சைக்கிள் ஓட்டினா கை ஹேண்டில்பார்ல அசையாம இருக்கே, அப்ப ஏறாது. முக்கா மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க சைக்கிள் ஓட்டிட்டு வந்தான், காட்டினது முன்னூத்து சொச்சம். கம்பில தொங்கறது, சுவர் ஏறறது, கயிறு இழுக்கறது, குட்டிக்கரணம் எதுவும் ஒழுங்கா கணக்குல வராது. எலும்புக்கும் தசைக்கும் தெம்பு தர்ற விளையாட்டு வாரத்துல மூணு நாளாவது வேணும்னு அதே உலக சுகாதார அமைப்பு தனியாவே சொல்லியிருக்கு, அதுல பாதி இந்த பேண்டுக்கு சும்மா இருக்கற மாதிரிதான் தெரியும்.

இதக்கூட மன்னிச்சிருப்பேன். நாலாவது வாரம் சனிக்கிழமை சைக்கிள எடுடான்னேன், "வேணாம்மா, அதுக்கு பாயிண்ட் வராது"ன்னான். எனக்கு பகீர்னுச்சு. வெளிய போய் அவனா ஆசையா பண்ணின ஒரே விஷயம் அதுதான். 1973ல ஸ்டான்ஃபோர்ட்ல நர்சரி பசங்கள வச்சு பண்ணின பரிசோதனை ஒண்ணு உண்டு, படம் வரையறதுன்னா உசுரா இருந்த பசங்கள்ல சில பேருக்கு வரைஞ்சா சர்டிஃபிகேட் தரோம்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க, ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா பரிசு எதிர்பார்த்து வரைஞ்ச பசங்க மத்தவங்கள விட பாதி நேரம்தான் வரையற பக்கமே போனாங்க. அதே கதை என் வீட்டு ஹால்ல நடந்துட்டு இருந்துச்சு, நான் காசு குடுத்து நடத்திட்டு இருந்தேன்.

இன்னும் ஒண்ணு, கலோரி. ஆப்ல எவ்ளோ கலோரி எரிச்சன்னு பெருசா காட்டும். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு தட்ட பாத்துட்டு, "இத சாப்ட்டா எவ்ளோ அடி நடக்கணும்மா?"ன்னு கேட்டான். ஒன்பது வயசுங்க. அன்னிக்கே அந்த பக்கத்த மறைச்சு வச்சேன். வாங்கறவங்க முதல் வேலையா இத செய்ங்க. நண்பர்கள் போட்டின்னு ஒரு லிஸ்ட் வேற, அதுல யார் கடைசின்னு பேரோட வரும். ஏற்கனவே கிளாஸ்ல குண்டுன்னு கூப்பிடறாங்கன்னு சுருங்கிப்போற பையனுக்கு அது வேணுமா? ஆஃப் பண்ணிட்டேன்.

இப்ப கண்ணாமூச்சி கதை. லீவுக்கு சொந்தக்கார பசங்க வந்திருந்தாங்க, சாயங்காலம் எல்லாம் சேர்ந்து ஒளிஞ்சு விளையாடிட்டு இருந்தாங்க. இவன் மாடிப்படிக்கு அடியில, பழைய அட்டைப்பெட்டிக்கு பின்னாடி, யாராலயும் கண்டுபிடிக்க முடியாத இடம். இந்த பேண்ட்ல என்னன்னா, ஒவ்வொரு மணி நேரம் முடியறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி அடி கம்மியா இருந்தா சத்தம் போட்டு எழுப்பும். அஞ்சே முக்காலுக்குத்தான் கிளாஸ் முடிஞ்சு வண்டில வந்தவன், வந்த உடனே ஒளிஞ்சுட்டான், மணி அஞ்சு அம்பது, பீப் பீப் பீப்... எழுந்திரு, விளையாடப் போ! மாட்டிக்கிட்டான். விளையாட்டுல இருந்தவன விளையாடப் போன்னு சொல்லி காட்டிக் குடுத்திடுச்சு. நேரா என்கிட்ட வந்தான், பேண்ட கழட்டி கையில வச்சு "இத நீயே கட்டிக்கோம்மா"ன்னுட்டு ஓடிட்டான். இருட்டற வரைக்கும் ஆட்டம், முட்டில சிராய்ப்பு, தலையெல்லாம் மண்ணு, வேர்வை நாத்தம். அன்னிக்கு ஆப்ல 3,100 அடி, அழற மிருகம், "இன்னிக்கு ரொம்ப சோம்பல்"னு மெசேஜ்.

இவ்ளோ திட்டிட்டு ஏன் முழுசா குப்பைன்னு சொல்லலன்னா, ஆப்ல ஒரே ஒரு இடம், மணி வாரியா அடி காட்டற பட்டை படம், அது எனக்கு உதவுச்சு. அவனுக்கு இல்ல, எனக்கு. முதல் ரெண்டு வார படத்த ஒரு ராத்திரி வரிசையா பாத்தேன். காலைல ஸ்கூல் இடைவேளைல ஒரு குட்டி பட்டை, மத்தியானம் ஒண்ணு. நாலு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் தட்டையான தரை. கிளாஸ், வண்டி, ஹோம்வொர்க், டிவி, தூக்கம். நடுவுல ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் ஆறிலேர்ந்து ஏழு வரைக்கும் கோபுரம் மாதிரி ஒரு பட்டை. யோசிச்சு பாத்தா அன்னிக்கு டியூஷன் மிஸ்ஸுக்கு காய்ச்சல், கிளாஸ் கேன்சல், பக்கத்து வீட்டு பையன் கூப்பிட்டான், பந்த எடுத்துட்டு போயிட்டாங்க. அந்த டைம்டேபிள போட்டது அவன் இல்லயே, நானும் என் வீட்டுக்காரரும். பையன் சோம்பேறி ஆயிட்டான், எப்ப பாரு ஸ்க்ரீன்னு நாங்க ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தது நினைவுக்கு வந்து கொஞ்சம் கூச்சமாவே இருந்துச்சு.

ரெண்டு கிளாஸ்ல ஒண்ண நிறுத்தினோம். பக்கத்துல மூணு வீட்ல பேசினோம், தினமும் அஞ்சரைலேர்ந்து ஆறரை வரைக்கும் பசங்கள வெளிய விடறது, பெரியவங்கள்ல யாராவது ஒருத்தர் முறை வச்சு ஓரமா உக்காந்திருக்கறதுன்னு. எல்லார் பயமும் ஒண்ணுதான், வண்டிங்க. இங்கிலாந்துல ஒரு கணக்கு எடுத்தாங்க, 7–8 வயசு பசங்கள்ல தனியா ஸ்கூல் போறவங்க 1971ல 80 சதவீதம், 1990ல வெறும் 9. ரோட்டுல ஆபத்து கூடினப்ப வண்டிய அடக்கறத விட்டுட்டு பசங்கள அடக்கிட்டோம்னு எனக்கு தோணுச்சு, சரி அது வேற சண்டை.

நான் எதிர்பார்க்காதது என்னன்னா, வெளிய விட்டா பசங்க விளையாடிடுவாங்கன்னு நெனச்சேன், முதல் வாரம் எட்டு பசங்களும் போய் நின்னுட்டு "ஆன்ட்டி என்ன விளையாடறது?"ன்னு என்னையே கேக்கறாங்க! டீம் பிரிக்க தெரியல. அவுட் ஆனா ஒத்துக்க தெரியல. சண்டை வந்தா நேரா நம்மகிட்ட பஞ்சாயத்துக்கு வந்துடறாங்க. நாம சின்னவங்களா இருந்தப்ப பெரிய பசங்க கத்துக்குடுத்தாங்க, யாரும் உக்காந்து பாடம் எடுக்கல, கூட நின்னு பாத்து பாத்து வந்தது, அந்த சங்கிலி நடுவுல எங்கயோ அறுந்திருக்கு. ஆறு வயசு சின்னவள ஒப்புக்குச் சப்பாணியா சேர்த்துக்கணும்னு கூட நான்தான் சொல்லிக்குடுத்தேன். மூணாவது வாரம் அவங்களே ஏதோ ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சாங்க, ரூல் எனக்கு இன்னி வரைக்கும் புரியல, தினமும் மாறுது.

எடை குறைஞ்சுச்சான்னு கேப்பீங்க. குறையல. போன வாரம் செக்கப்ல எடை அப்படியே, உயரம் ரெண்டரை சென்டிமீட்டர் கூடியிருக்கு, புள்ளி கொஞ்சமா கீழ இறங்கியிருக்கு. இது பேண்ட் புண்ணியம்னு சத்தியமா சொல்ல மாட்டேன், அஞ்சு மாசத்துல ரெண்டு மாசம் அது டிராயர்ல கிடந்துச்சு. வீட்ல இனிப்பு பானம் வாங்கறத நிறுத்தினோம், தூக்கத்த அரை மணி முன்னாடி தள்ளினோம், எது எவ்ளோ உதவுச்சுன்னு பிரிக்க முடியாது. பெரியவங்கள்லயே 2016ல ரெண்டு வருஷ ஆய்வு ஒண்ணு வந்துச்சு, உணவு உடற்பயிற்சி ஆலோசனையோட கருவி மாட்டினவங்க சராசரியா 3.5 கிலோ குறைஞ்சாங்க, அதே ஆலோசனையோட கருவி மாட்டாதவங்க 5.9 கிலோ. டப்பா மேல "ஆரோக்கிய எடைக்கு"ன்னு போட்டிருக்கறத படிக்கும்போது இத ஞாபகம் வச்சுக்கோங்க.

சில்லறை விஷயங்க: ரப்பர் பட்டை வேர்வைல சிவந்து தடிக்குது, ராத்திரி கழட்டிடுங்க. ஆப் பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் கேக்குது, நான் தேதிய மாத்தி குடுத்தேன். மைக் இருக்கற வாட்ச் வகைன்னா யோசிச்சு வாங்குங்க, ஒட்டுக் கேக்கற வசதி இருக்கற குழந்தைங்க வாட்ச ஜெர்மனில 2017ல தடையே பண்ணினாங்க.

அஞ்சுக்கு ரெண்டரை. தெரிஞ்சவங்ககிட்ட ரெண்டு வாரம் கடன் வாங்கி கட்டி, அந்த மணி வாரி படத்த பாத்துட்டு திருப்பி குடுத்துட முடிஞ்சா அதுதான் பெஸ்ட். வாங்கியே தீருவேன்னா கலோரி, போட்டி லிஸ்ட், அந்த பீப் மூணையும் ஆஃப் பண்ணிட்டு கையில குடுங்க.

எங்க பேண்ட் இப்ப சின்னவ கையில. மிருகத்த தூக்கிட்டு வெறும் மணி காட்டற மாதிரி வச்சிருக்கேன். ஆறரை ஆச்சுன்னு எல்லாரையும் கூப்பிடற பொறுப்பு அவளுது. பத்து நிமிஷம் லேட்டாதான் சொல்றா.