உகாண்டா சிறுமியின் படிப்புக்கு உதவுங்கள் என்று வரும் செய்தி: பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊதா ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆப்பிரிக்கச் சிறுமி, கையில் ஒரு அட்டை, அட்டையில் நன்கொடை கொடுத்தவரின் பெயர், கீழே கோணல்மாணலாகத் தமிழில் "நன்றி". இந்த மாதிரிப் படத்தோடு ஒரு செய்தி கோவை, திருப்பூர், சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது. "ஒரு குழந்தையின் ஒரு வருடப் படிப்பு, உங்கள் பெயரில் கல்வி உதவித்தொகை" என்று போட்டிருக்கும். அமைப்பின் பெயர் புதுசு, லோகோ புதுசு, ஆள் மட்டும் பழைய ஆள்தான். அந்த ஆளுக்கு நானும் என்னோடு வேலை பார்த்த சிலரும் வருடக்கணக்கில் பணம் அனுப்பியிருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 வரை உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு இறக்குமதி கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், தேவை பொய்யில்லை. உகாண்டாவில் 1997லேயே ஆரம்பக் கல்வி இலவசம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனால் காகிதத்தில் இலவசம் வேறு, பள்ளி வாசலில் நடப்பது வேறு. மத்தியானம் கொடுக்கிற போஷோவுக்கும் (மக்காச்சோள மாவுக் களி) பீன்ஸுக்கும் காசு, பரீட்சைத் தாளுக்குக் காசு, யூனிபார்ம், அப்புறம் ஒவ்வொரு டேர்மும் கொண்டுவர வேண்டிய சாமான்கள் என்று ஒரு பட்டியல்: விளக்குமாறு, டாய்லெட் பேப்பர், ஒரு கட்டு வெள்ளைத் தாள். கட்ட முடியாத பிள்ளையை டேர்ம் நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காலை பத்து மணிக்கு யூனிபார்மோடு ரோட்டோரம் நடந்து திரும்புகிற பிள்ளைகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கேட்டால் ஒரே பதில்தான், ஃபீஸ். இதைக் கண்ணால் பார்த்தவனிடம் ஒருத்தர் வந்து "இந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் இல்லை, பாட்டியோடு இருக்கிறாள், நன்றாகப் படிப்பாள்" என்று சொன்னால் மனசு இளகத்தான் செய்யும்.

அந்த ஆள் தன்னை டைரக்டர் என்று சொல்லிக்கொள்வார். இந்தியக் கடைக்காரர்கள் பலருக்குப் பழக்கம், நல்ல பேச்சு, நம் பண்டிகைகளின் பெயர் எல்லாம் தெரியும், தீபாவளிக்கு மறக்காமல் வாழ்த்து அனுப்புவார். நான் ஊர் திரும்புவதற்கு முன்னால் சிறுமியையும் ஒரு தடவை கூட்டிவந்து காட்டினார். அவள் நிஜம். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "குழந்தையை நேரில் பார்த்தோமே, வீடியோ காலில் பேசினோமே" என்பதைத்தான் இப்போதும் பலர் ஆதாரமாகச் சொல்கிறார்கள்.

கேட்ட தொகை ஒரு டேர்முக்கு 6,50,000 ஷில்லிங். அப்போது ஒரு ரூபாய்க்குச் சுமார் 50 ஷில்லிங், ஆக 13,000 ரூபாய். வருடத்துக்கு மூன்று டேர்ம். ஹாஸ்டலோடு சேர்ந்த தனியார் பள்ளி என்றார். நம்மூரில் எல்கேஜிக்கே அதைவிட அதிகமாக வாங்குகிறார்கள், யாருக்கும் அந்தத் தொகை உறுத்தாது. பணம் போனதும் ரசீது வரும், டேர்ம் முடிந்ததும் ரிப்போர்ட் கார்டு வரும், நடுவில் குழந்தை பேசிய ஒரு குரல் பதிவு வரும். எல்லாம் ஒழுங்காக வந்தது. நிஜப் பள்ளிகள்கூட இவ்வளவு ஒழுங்காக அனுப்புமா என்று இப்போது தோன்றுகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் அங்கேயும் பள்ளிகளை மூடினார்கள். ஆனாலும் ஃபீஸ் கேட்டு வந்தது. நம் பிள்ளைகளுக்கும் மூடிய பள்ளிக்கு ஆன்லைன் வகுப்பு என்று கட்டிக்கொண்டுதானே இருந்தோம், அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இங்கே கவனியுங்கள். உலகத்திலேயே மிக நீண்ட காலம் பள்ளிகளை மூடி வைத்த நாடு உகாண்டா. இடையில் சில வகுப்புகளுக்கு மட்டும் கொஞ்ச நாள் திறந்தார்கள், 2021 ஜூனில் மறுபடி எல்லாவற்றையும் மூடினார்கள், அப்புறம் திறந்தது 2022 ஜனவரி 10ஆம் தேதி. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆன்லைனும் கிடையாது ஒன்றும் கிடையாது, ரேடியோவில் பாடம், பேப்பரில் அச்சடித்த பாடம், அவ்வளவுதான். இந்தக் கதை எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. எங்களுக்கு வந்த ரிப்போர்ட் கார்டில் இருந்தது: ஐந்தாம் வகுப்பு, மூன்றாம் டேர்ம், 2021. பள்ளி முத்திரையில் டிசம்பர் மாதத் தேதி. ஆறாம் வகுப்புக்குத் தேர்ச்சி என்று குறிப்பு. அவளோடு சேர்ந்த மற்ற பிள்ளைகள் எல்லோரும் 2022 ஜனவரியில்தான் ஐந்தாம் வகுப்பிலேயே காலெடுத்து வைத்தார்கள்.

அந்தக் கார்டை ஒரு பெருமைக்காகக் கம்பாலாவில் இருக்கும் எங்கள் பழைய மேனேஜர் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் பிள்ளைகள் அங்கேயே படித்தவர்கள். தேதியைக்கூட அவர் முதலில் பார்க்கவில்லை. "தம்பி, அக்ரிகேட் மூணுன்னு போட்டிருக்கான் பாரு" என்றார். அங்கே நான்காம் வகுப்பிலிருந்து மதிப்பெண் கணக்குப் பார்ப்பது நான்கு பாடத்துக்கு: ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல். ஒவ்வொன்றுக்கும் டி1 முதல் எஃப்9 வரை கிரேடு, அந்த எண்களைக் கூட்டினால் வருவது அக்ரிகேட், குறையக் குறைய நல்லது. நான்கிலும் டி1 வாங்கினால் நான்கு. அதுதான் உச்சம். மூன்று என்று ஒரு எண் அந்தக் கணக்கில் வரவே முடியாது. இந்தியாக்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைத்து, நன்றாகப் படிக்கிறாள் என்று காட்ட இன்னும் ஒரு படி குறைத்துப் போட்டுவிட்டான் போல. இத்தனை வருடம் கணக்கு எழுதிய எனக்கு அது ரொம்பவே கசந்தது.

பள்ளிகள் திறந்த பிறகு அண்ணன் ஒரு நாள் லீவு போட்டு, மித்யானா பக்கம் அந்த ஊருக்கே போய்விட்டார். கம்பாலாவிலிருந்து மேற்கே எழுபது கிலோமீட்டர் இருக்கும், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே "போடா போடா" என்கிற வாடகை பைக்கில் செம்மண் பாதை. ரசீதில் இருந்த ஹாஸ்டல் பள்ளி அங்கே நிஜமாகவே இருக்கிறது, அந்த ஊதா ஸ்வெட்டர் அவர்களுடையதுதான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு மாணவி இருந்ததே இல்லை. பள்ளியில் ஃபீஸ் கணக்குப் பார்க்கிற பர்சார் ரசீதைப் பார்த்துவிட்டு, இது எங்கள் ரசீதுப் புத்தகமே இல்லை, நாங்கள் கையில் பணம் வாங்குவதே கிடையாது, பேங்க்கில் கட்டிய சிலிப்தான் என்று சொல்லிவிட்டார். சிறுமி படித்தது கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் அரசுப் பள்ளியில். அங்கே ஹெட்மாஸ்டர் கோடு போட்ட நீளமான ஒரு நோட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். 2019ஆம் வருடம் முதலாம் டேர்ம், 38,000 ஷில்லிங், கட்டியாச்சு. இரண்டாம் டேர்ம், 20,000, பாக்கி இருக்கு. அதற்கப்புறம் அவள் பெயருக்கு நேராகக் கட்டங்கள் காலி. அந்த 38,000 ஷில்லிங் நம் காசுக்கு 760 ரூபாய். நாங்கள் அனுப்பியது 13,000. அதிலும் எழுநூற்றுச் சொச்சத்தைக்கூடத் தொடர்ந்து கட்டவில்லை. அண்ணன் போன அன்று அவள் பள்ளியில் இல்லை, முந்தின வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பாட்டிக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. டைரக்டர் வருவார், ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு பார் சோப்பும் கொடுப்பார், பேத்திக்கு ஸ்வெட்டர் மாட்டிப் படம் எடுப்பார், ஸ்வெட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார். புண்ணியவான் என்றுதான் அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டு ஜன்னலில் பலகை பெயர்ந்த இடத்தை ஒரு அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். அண்ணன் திருப்பிப் பார்த்தால், அதே படம் எடுக்கிற அட்டை. அதில் இருந்தது என் பெயர் இல்லை, சிங்கப்பூரில் ஒரு குடும்பத்தின் பெயர். சிறுமியின் பெயரும் வேறு. தேடிப் பிடித்துப் பேசினோம். அவர்களும் அதே குழந்தைக்கு, வேறு பெயரில், அதே வருடங்களில் பணம் கட்டியிருக்கிறார்கள். இன்னும் எத்தனை அட்டை இருந்ததோ.

அந்த ஆளிடம் கேட்டேன். முதலில் "எல்லாம் பொது நிதியில் போகிறது, எல்லாக் குழந்தைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறோம்" என்றார். அரசுப் பள்ளி நோட்டின் படத்தை அனுப்பினேன், ஹெட்மாஸ்டர் லஞ்சம் கேட்டார், கொடுக்காததால் எழுதவில்லை என்றார். அட்டையின் படத்தை அனுப்பினேன், பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் சரியில்லை என்றார். கணக்கு கேட்டேன். பிளாக் செய்துவிட்டார். கொஞ்ச நாளில் அந்த அமைப்பின் பக்கமும் காணாமல் போனது.

இப்போது வந்திருக்கும் புதுச் செய்தியில் சில விஷயம் கூடுதலாக இருக்கிறது. "80ஜி வரிச் சலுகை உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் அமைந்து இங்கே வருமான வரித்துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத்தான் 80ஜி. உகாண்டா அமைப்புக்கு அது கிடைக்காது, வரி கட்டுகிறவர் யாராக இருந்தாலும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அடுத்து, பணம் வாங்க இங்கேயே ஒரு தனி நபரின் யுபிஐ எண். வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப வங்கி வழியாக எல்ஆர்எஸ் திட்டத்தில் (தனி நபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) காரணம் எழுதிக்கொடுத்து அனுப்பலாம், அதற்கு இப்படி ஒரு இடைத்தரகர் எதற்கு? மூன்றாவது இன்னும் தமாஷ்: "ஜூனில் புது வகுப்பு, அட்மிஷன் ஃபீஸ் அவசரம்". ஜூன் நமக்குத்தான் புது வகுப்பு. அங்கே கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் ஆரம்பித்து டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. ஜூன் என்றால் இரண்டாம் டேர்ம் நடந்துகொண்டிருக்கும்.

பதிவுச் சான்றிதழ் கேட்டால் அழகாக ஒன்று அனுப்புவார்கள், எனக்கும் வந்தது. அது கம்பெனியாகப் பதிவு செய்த தாள் மட்டும். 2016ஆம் வருடச் சட்டப்படி அங்கே தொண்டு நிறுவனம் நடத்த அதற்கு மேல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் தனிப் பதிவும், காலாவதி தேதி போட்ட பெர்மிட்டும் வேண்டும். 2019இல் சரிபார்ப்பு நடத்தி 12,000க்கும் மேற்பட்ட அமைப்புகளைக் கழித்துக்கட்டினார்கள், அந்த நாட்டு அரசுக்கே இந்தத் தலைவலி தெரியும். எனவே பெர்மிட்டைக் கேளுங்கள், தேதியைப் பாருங்கள்.

அதைவிட முக்கியமாக, ஃபீஸ் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். அங்கே நிறையப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் பணம் கட்டத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள், மொபைல் மணியிலோ (போன் நம்பரிலேயே பணம் அனுப்பும் வசதி) பேங்க்கிலோ அந்த எண்ணைப் போட்டால் பணம் நேராகப் பள்ளிக் கணக்கில் விழும், குழந்தையின் பெயரும் திரையில் வரும். அது இல்லாத பள்ளியில் பேங்க் சிலிப் இருக்கும். ரிப்போர்ட் கார்டோடு அடுத்த டேர்முக்கான ஃபீஸும் சாமான் பட்டியலும் போட்டு ஒரு சர்க்குலர் தருவார்கள், அதைக் கேளுங்கள். போலி ஆட்கள் ரிப்போர்ட் கார்டு வரைக்கும் யோசித்திருப்பார்கள், விளக்குமாறு எத்தனை என்று எழுதிய சர்க்குலர் வரைக்கும் யோசித்திருக்க மாட்டார்கள். ஏழாம் வகுப்பு முடித்தால் அரசுத் தேர்வான பிஎல்இ உண்டு. தேர்வு எண்ணை வைத்து முடிவை அங்கே உள்ள சிம்மிலிருந்து எஸ்எம்எஸ்ஸிலேயே பார்க்கலாம். "டிவிஷன் ஒன்றில் பாஸ்", அதாவது முதல் வகுப்பில் தேர்ச்சி என்று சொன்னால் அந்த எண்ணை வாங்கி அங்கே தெரிந்த யாரிடமாவது கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு "ஆப்பிரிக்காவே ஃபிராடு" என்று கீழே எழுத வராதீர்கள், அதற்கு நான் ஆள் இல்லை. ஜிம்பாப்வேயில் 1993இல் 32 பெண் குழந்தைகளோடு தொடங்கிய கேம்ஃபெட் போன்ற அமைப்புகள் பள்ளியையும் ஊர்க்காரர்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு இதே வேலையை இவ்வளவு வருடம் செய்துகொண்டிருக்கின்றன. எங்களை ஏமாற்றியது ஒரு ஆள், அவரைச் சுற்றி ஒன்றிரண்டு பேர். ஹெட்மாஸ்டரும் பர்சாரும் அந்த நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் திறந்து காட்டாமல் இருந்திருந்தால் எனக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

சிறுமியின் பாக்கியை அண்ணன் அன்றைக்கே கட்டிவிட்டார். அப்புறம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, அவர் மூலமாக, பள்ளியின் பேங்க் கணக்கில் நேராகக் கட்டி, சிலிப்பின் படத்தைக் குழுவில் போட்டுக்கொள்கிறோம். 2024இல் அவள் பிஎல்இ எழுதினாள், இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். அவள் பெயரையோ படத்தையோ இங்கே போட மாட்டேன், யாரும் தேடவும் வேண்டாம்.

அந்த ஊதா ஸ்வெட்டர் படம் உங்களுக்கு வந்திருந்தால் செய்தியை அழிக்காதீர்கள். அனுப்பிய எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்கனவே பணம் அனுப்பியவர்கள் தேதி, தொகை, எந்தக் கணக்கு என்ற விவரத்தோடு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், கமெண்டில் போட வேண்டாம், அந்த ஆட்களும் இதைப் படிப்பார்கள். சிங்கப்பூர் குடும்பம் அங்கே போலீசில் புகார் கொடுக்கத் தயாராக இருக்கிறது, கம்பாலாவில் அண்ணன் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார், இந்திய யுபிஐ எண்ணுக்குப் பணம் போட்டவர்கள் உடனே உங்கள் வங்கியிலும் 1930 சைபர் கிரைம் எண்ணிலும் சொல்லிவிடுங்கள். ரசீதுகள் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன, உங்களுடையதையும் சேர்த்துக் கொடுத்தால் வக்கீலுக்கு வேலை சுலபம்.