கட்டமா, பட்டியலா?
கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டு ரத்தத்தில் எலிசா என்னும் நோயறி சோதனை செய்யும் நம் பிள்ளைகள் 96 குழித் தட்டின் அமைப்பை எக்செலில் கட்டமாகவே எழுதட்டும். ஏ முதல் எச் வரை 8 வரிசை, குறுக்கே 12 நிரல். தட்டும் திரையும் ஒன்றுபோல் இருப்பதால், பிளாங்க் (மாதிரி இடாத ஒப்பீட்டுக் குழி) இடம் மாறினால் உடனே கண்ணில் படும். சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த கோப்பாக) சேமித்தால், புள்ளியியல் கணிப்புக்கான ‘ஆர்’ கணினி மொழியின் பிளேட்டர் தொகுப்பு அதை நேரடியாகப் படிக்கும். மாதிரிப் பெயருக்கு ஒரு கட்டம், நீர்ப்புக்கு (எத்தனை மடங்கு நீர்த்தது என்பதற்கு) இன்னொன்று, நடுவே ஒரு வெற்று வரி.

குழிக்கு ஒரு வரி என்ற நீள் பட்டியல், அளவீடுகளோடு இணைக்க வசதி. கையால் நிரப்பத்தான் வேதனை. அதைவிட ஆபத்து வரிசைப்படுத்தல்: ஏ1-க்கு அடுத்து ஏ2 வராது, ஏ10 வரும். அந்த வரிசையை நம்பி அளவீடுகளைப் பக்கத்தில் ஒட்டினால், நோயுள்ள மாடு நலமானதாகிவிடும். பட்டியல்தான் வேண்டுமென்றால் ஏ01 என்றே எழுதுங்கள். குழிப் பெயரை வைத்தே இணையுங்கள்.