ஊர்த் தன்னார்வலர்களுக்கு பயிற்சி: நீண்ட கோர்ஸா, ஒருநாள் பட்டறையா, கூட வேலை செஞ்சு கத்துக்கறதா?

ஒரு ஏரியையோ ஆத்தையோ காட்டையோ பாத்துக்க அந்தப் பகுதி மக்கள்ல இருந்தே ஆள் சேக்கணும்னு முடிவு பண்ணிட்டா அடுத்து வர்ற கேள்வி அவங்களுக்கு எப்படி பயிற்சி குடுக்கறதுங்கறதுதான். இதுக்கு மூணு வழி உலகம் முழுக்க நடைமுறைல இருக்கு. வாரக்கணக்குல கோர்ஸ் நடத்தி சான்றிதழ் குடுக்கறது ஒண்ணு. ஒரே நாள்ல ஒரே ஒரு வேலையை ஒழுங்கா சொல்லிக்குடுத்து களத்துக்கு அனுப்பிடறது இன்னொண்ணு. தனியா வகுப்புன்னு பெருசா எதுவும் வைக்காம, ஏற்கெனவே வேலை நடக்கற குழுவுல சேத்துவிட்டு கூட இருந்தே கத்துக்க வைக்கறது மூணாவது.

நான் எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடறேன். ஆரம்பத்துக்கு ஒருநாள் பட்டறை, அதுக்கப்பறம் ஒரு சீசன் முழுக்க அனுபவம் உள்ள ஒருத்தரோட ஜோடி. நீண்ட கோர்ஸ் நல்ல விஷயம்தான், ஆனா அதை வாசப்படில வைக்கக்கூடாது, நிலைச்சு நின்னவங்களுக்கு வைக்கணும்.

நீண்ட கோர்ஸுக்கு எல்லாரும் காட்டற உதாரணம் அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்தோட மாஸ்டர் நேச்சுரலிஸ்ட் திட்டம், இயற்கையைப் பாத்துக்க தன்னார்வலர்களைத் தயார் பண்றது. 1990-கள் கடைசில ஆரம்பிச்சு மத்த மாநிலங்களும் அதே பாணிய எடுத்துக்கிட்டாங்க. 40 மணி நேரம் பயிற்சி, அதுல மண், தாவரம், பறவை, பூச்சி, நீர்நிலைன்னு எல்லாம் வரும். நிறைய பேர் இந்த 40 மணி நேரத்தை மட்டும் பாத்துட்டு பாடத்திட்டத்தை அப்படியே காப்பி அடிக்கறாங்க. ஆனா அங்க வகுப்பு முடிஞ்ச உடனே சான்றிதழ் கிடையாது, இன்னும் 40 மணி நேரம் களத்துல சேவை செய்யணும், அது போக 8 மணி நேரம் மேல்பயிற்சி எடுக்கணும், அப்பத்தான் சான்றிதழ். அதையும் தக்கவச்சுக்கணும்னா வருஷா வருஷம் சேவை மணி நேரத்தை முடிச்சுக் காட்டணும். திட்டத்தோட உயிரே அந்த ரெண்டாவது பாதிலதான் இருக்கு. அதை விட்டுட்டு வகுப்பை மட்டும் நடத்தினா கடைசி நாள் குரூப் போட்டோ எடுத்துட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க, ஏரிக்கரைல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க.

இதே குடும்பத்துல இன்னும் பழசு மாஸ்டர் கார்டனர் திட்டம், 1970-கள் ஆரம்பத்துல வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தோட விரிவாக்கப் பணில, அதாவது மக்களுக்கு விவசாய ஆலோசனை சொல்ற பிரிவுல பொறந்தது. வீட்டுத்தோட்டம் போடறவங்க கேக்கற கேள்விக்கு பதில் சொல்லியே அங்க இருந்த ஆளுங்களுக்கு மாளல, அதனால தன்னார்வலர்களுக்கு பயிற்சி குடுத்து பதில் சொல்ல உக்காரவச்சாங்க. கவனிச்சுப் பாருங்க, அங்க வேலை முதல்ல காத்துக்கிட்டு இருந்துச்சு, பயிற்சி அதுக்குப் பின்னாடி வந்துச்சு. நம்மள்ல பலபேர் இதைத் தலைகீழா பண்றோம்.

நீண்ட கோர்ஸோட பெரிய குறை யாரு வரமுடியும்ங்கறதுலதான். தினக்கூலிக்குப் போறவங்க, ஷிப்ட் வேலைக்காரங்க, கைக்குழந்தை வச்சிருக்கற அம்மா, இவங்களால பத்து வாரம் தொடர்ந்து வரமுடியாது. கடைசில ரிட்டயர் ஆனவங்களும் படிச்சவங்களும் மட்டுமே முடிப்பாங்க, அப்பறம் அவங்களே குழுவுக்குத் தலைவர் ஆயிடுவாங்க, அந்தத் தண்ணியை தினமும் பயன்படுத்தற மீன்பிடிக்கறவங்களும் ஆடு மாடு மேய்க்கறவங்களும் வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க. இது எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம்.

இப்ப ஒருநாள் பட்டறைக்கு வருவோம். பிரிட்டன்ல 2007-ல இருந்து தூண்டில் போடறவங்களை வச்சே ஆத்துப்பூச்சி கண்காணிப்பு நடக்குது, ரிவர்ஃபிளைன்னு பேரு. தண்ணி கெட்டா இந்தப் பூச்சிங்க குறைஞ்சுடும், அதனாலதான் அதை எண்ணறது. ஒரு நாள்ல சொல்லிக்குடுக்கறது இவ்வளவுதான்: முழங்கால் அளவு தண்ணில நின்னு, வலையை ஆத்தோட்டத்துக்கு எதிர்முகமா கீழ ஊனி, அதுக்கு முன்னாடி இருக்கற கூழாங்கல்லை மூணு நிமிஷம் காலால கிளறணும், கிளம்பற பூச்சியெல்லாம் வலைக்குள்ள போகும், அதோட ஒரு நிமிஷம் கல்லுங்களை எடுத்து அடில ஒட்டிக்கிட்டு இருக்கறதையும் பாக்கணும். அப்பறம் வெள்ளைத் தட்டுல கொட்டி எட்டே எட்டு வகையை மட்டும் எண்ணணும். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் எல்லாம் சின்ன வயசுல தண்ணிக்குள்ள வாழற பூச்சிங்க. மேஃபிளையோட குஞ்சுக்கு பெரும்பாலும் மூணு வால், ஸ்டோன்ஃபிளைக்கு ரெண்டு, கேடிஸ் புழு சிலது மணலையும் குச்சியையும் ஒட்டி தன்னைச் சுத்தி குழல் கட்டிக்கிட்டு அதுக்குள்ளயே இருக்கும். முதல் தடவை தட்டுல எதுவும் தெரியாது, வெறும் சகதியும் இலைத் துணுக்கும்தான், ஒரு நிமிஷம் அசையாம பாத்துக்கிட்டே இருந்தா சகதி தானா நெளிய ஆரம்பிக்கும். அந்த நிமிஷம் நூறு ஸ்லைடு செய்யாததை செய்யும், வேடிக்கை பாக்க வந்தவங்க கூட தட்டை விட்டு நகர மாட்டாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது ட்ரிகர் லெவல்னு ஒண்ணு வச்சிருக்காங்க பாருங்க, அதுதான். எண்ணின பூச்சிங்களை வச்சு ஒரு ஸ்கோர் போடுவாங்க, ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே ஒரு குறைஞ்சபட்ச ஸ்கோர் குறிச்சிருக்கும், அதுக்குக் கீழ போச்சுன்னா, சந்தேகத்துக்கு ஒருதடவை சரிபாத்துட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கு தகவல் போகும். தன்னார்வலர் யார்கிட்டயும் போய் கெஞ்சவோ வாதாடவோ வேண்டியதில்ல, நம்பரே பேசும். 2013 ஜூலைல இங்கிலாந்தோட கென்னட் ஆத்துல மார்ல்பரோ ஊருக்குக் கீழ பூச்சிங்க கூட்டமா செத்துப்போனதை தன்னார்வலர்கள்தான் இந்த முறைல கண்டுபிடிச்சாங்க, குளோர்பைரிஃபாஸ்ங்கற பூச்சிமருந்துதான் காரணம்னு அப்பறம் தெரிஞ்சுது. தண்ணி பாக்க தெளிவாத்தான் இருந்திருக்கும், பூச்சியை எண்ணற ஆள் இல்லன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? தென்னாப்பிரிக்காவோட மினிசாஸ் முறையும் இதே மாதிரிதான், அங்க 13 வகை.

குறை இல்லாம இல்ல. பூச்சியை கரெக்டா எண்ணத் தெரிஞ்சவருக்கு மேல எந்த வாய்க்கால் எங்க வந்து கலக்குதுன்னு தெரியாம இருக்கலாம், எந்தத் துறைகிட்ட என்ன கேக்கணும்னு தெரியாம இருக்கலாம். தகவல் குடுத்தும் அந்தப் பக்கம் யாரும் போனை எடுக்கலன்னா ரெண்டு மூணு மாசத்துல ஆள் ஓஞ்சுபோயிடுவாங்க. தண்ணில தனியா இறங்கக்கூடாது, கைல வெட்டுக்காயம் இருந்தா மூடணும், எலிக்காய்ச்சல் ஆபத்து இருக்கு, இதையெல்லாம் அந்த ஒரே நாளுக்குள்ள அவசரமா சொல்லிட்டுப் போயிடறதும் சரியில்ல.

மூணாவது வழிக்கு கென்யாவோட கிரீன் பெல்ட் இயக்கத்தை மிஞ்சின உதாரணம் இல்ல. 1977-ல வாங்கரி மாத்தாய் ஆரம்பிச்சது, 2004-ல அவங்களுக்கு அமைதிக்கான நோபல் கிடைச்சுது, இயக்கம் நட்ட மரங்கள் 5 கோடிக்கு மேல. ஆரம்பத்துல வனத்துறைக்காரங்களை கூப்பிட்டு கிராமத்துப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னாங்க, அவங்க பேசின டெக்னிக்கல் விஷயம் யாருக்கும் ஏறல. காலம் முழுக்க விதை போட்டு பயிர் வளத்த கைங்க அது, நாத்து வளக்க டிப்ளமா எதுக்குன்னு பெண்கள் தாங்களே விதை பொறுக்கி, கைல கிடைச்ச பாத்திரத்துல நாத்து போட்டு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுத்துக்கிட்டாங்க. நட்டதுக்குக் காசு இல்ல, பொழச்ச கன்னுக்குத்தான் சின்னத் தொகை. இந்த ஒரு விதி செஞ்ச வேலையை எந்தப் பாடத்திட்டமும் செய்யாது, கன்னு பொழச்சாத்தான் கணக்குன்னா தண்ணி ஊத்தறதுல இருந்து ஆடு கடிக்காம வேலி கட்டறது வரைக்கும் எல்லாமே தானா கத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

ஆனா இந்த வழில ஒரு பெரிய ஆபத்து, பழைய ஆள் தப்பா செஞ்சா தப்பு அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். சுத்தம் பண்றோம்னு ஏரிக்கரை கோரைப்புல்லை மொத்தமா வழிச்செடுத்து, ஆழமில்லாத ஓரத்தையெல்லாம் தோண்டி கிண்ணம் மாதிரி ஆக்கிடறாங்க, கூடு கட்ட இடமும் போச்சு, கொக்கு நாரை நின்னு மேயறதுக்கு இடமும் போச்சு. இயற்கையாவே புல்வெளியா இருக்கற நிலத்துல மரம் நடறதும் இந்த ரகம்தான். கேள்வி கேக்க ஒரு வெளி ஆள், ஒரு தாவரவியல் ஆசிரியராவது அப்பப்ப வரணும்.

தலைமைன்னு வரும்போது மூணுல எதுவும் தானா குடுத்துடாது. தலைமைப் பண்புகள்னு ரெண்டு மணி நேரம் வகுப்பு வைக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. பொறுப்பு கைக்கு வந்தாத்தான் தலைமை வரும். கருவி வைக்கற அறையோட சாவி, துறைக்குப் போன் பண்ற வேலை, மாசாமாசம் தேதியை எல்லாருக்கும் ஞாபகப்படுத்தற வேலை, இதுல ஒண்ணை ரெண்டாவது சீசன்லயே புது ஆள்கிட்ட குடுத்துடணும், அதுலயும் கூட்டத்துல சத்தமா பேசறவர்கிட்ட குடுக்காம ஒருநாளும் தவறாம வந்து அமைதியா தட்டு கழுவறவர்கிட்ட குடுத்துப் பாருங்க. போன வருஷம் கத்துக்கிட்டவரையே இந்த வருஷப் பட்டறைல பாதி நேரம் சொல்லிக்குடுக்க வைங்க, தனக்கு எது சரியா தெரியலன்னு அவருக்கே அன்னிக்குத்தான் புரியும்.

அதே நேரம் எல்லாத்தையும் இலவச உழைப்புலயே ஓட்டமுடியும்னு நினைக்கறதும் நியாயம் இல்ல. ஆஸ்திரேலியாவுல 1986-ல விக்டோரியா மாநிலத்துல நிலத்தைப் பாதுகாக்க விவசாயிங்க குழுக்களா ஆரம்பிச்ச லேண்ட்கேர் இயக்கம் நாடு முழுக்க பரவினதுக்கு சம்பளம் வாங்கற ஒருங்கிணைப்பாளர்கள் கூட நின்னது முக்கியமான காரணம். கடிதப் போக்குவரத்து, அனுமதி, காப்பீடுன்னு இதையெல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றவங்க தலைல கட்டினா சீக்கிரம் சலிச்சுடுவாங்க.

ஆன்லைன் கோர்ஸை இந்த வரிசைல நான் சேக்கல. இனம் கண்டுபிடிக்க ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப் ரொம்ப உதவும், தியரி பாக்கவும் வீடியோ போதும், ஆனா வலையைப் பிடிக்கற கோணத்தை திரை திருத்தாது, பக்கத்துல நிக்கற ஆளோட பழக்கமும் அதுல வராது.

அப்ப எதை எடுக்கறது? தண்ணி கெட்டுப்போகுதுன்னு சந்தேகம், யார் காரணம்னு தெரியல, ஆளும் புதுசுன்னா ஒருநாள் பட்டறை. நிலத்தை மீட்கற வேலை, வருஷக்கணக்குல இழுக்கும், அந்த நிலத்தைத் தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்கன்னா மூணாவது வழி. ரெண்டு வருஷமா விடாம வர்ற ஒரு பத்து பேர் சேந்துட்டாங்கன்னா அவங்களுக்கு நீண்ட கோர்ஸ், அதுவும் அவங்க வேலை நேரத்துக்கு ஏத்தமாதிரி மாத்தி.

எதை எடுத்தாலும் பட்டறை தேதி அறிவிக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை எழுதி வச்சுக்கோங்க. பயிற்சி முடிஞ்ச முதல் வாரத்துல ஒவ்வொருத்தரும் போய் நிக்கப்போற இடம் எது, அங்க அவங்களோட ஜோடியா வரப்போறது யாரு, அவங்க குடுக்கற தகவலை வாங்கி பதில் சொல்லப்போறது யாரு. இதுல ஒண்ணு காலியா இருந்தாலும் தேதியை ஒரு மாசம் தள்ளிப்போடுங்க.