தார்ப் புள்ளியோடு கிளியர் கோட்டும் போய்விடும்: காரைக் கொடுக்கும் முன் படியுங்கள்

புதிதாகத் தார் போட்ட சாலையில் ஓடிய ஒரு கறுப்புக் கார். கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்குப் பின்பக்கம், பின் பம்பர் என எங்கும் தார்ப் புள்ளிகள். 'டீடெய்லிங்' (நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றுவது) செய்யும் இடத்தில் விட்டதில் அன்று மாலையே பளபளவென்று திரும்பி வந்தது. இரண்டு முறை கழுவியதும் பளபளப்பு போய், வெயிலில் பார்த்தால் கதவு முழுக்க சிலந்தி வலை போலக் கீறல். பின்விளக்கு வெளிறி, நுண்ணிய வெடிப்பு விட்டிருந்தது. கேட்டதற்கு, "அதெல்லாம் முன்னாடியே இருந்தது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. தின்னரில் நனைத்த பழைய துணி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், கடைசியில் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பாலிஷ். அந்தப் பாலிஷ் கீறலை எடுக்காது, இடைவெளியை நிரப்பி மறைக்கும். சில கழுவலில் கரைந்துவிடும்.

கிளியர் கோட் என்பது பெயின்ட்டுக்கு மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சு. பெரும்பாலான கார்களில் அது 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. நார் போட்ட கீறலைப் பஃபிங்கில் (தேய்த்து மெருகேற்றுவதில்) எடுக்க அதிலேயே சில மைக்ரானை இழக்க வேண்டும். இழந்தது திரும்ப வராது. லாக்கர் தின்னரில் அசிட்டோன், டொலுயீன் போன்றவை இருக்கும். கம்பெனி பெயின்ட் சற்றுத் தாங்கினாலும், பிறகு அடித்த டச்-அப் பெயின்ட் இளகிவிடும். விளக்கு மூடிகளில் பட்டால் வெடிப்பு விடலாம். பெட்ரோலும் வேண்டாம்: ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கேடு.

இன்னொரு ஏமாற்று: ஏதோ ஒன்றைத் தெளிப்பார்கள், ஊதா நிறமாக வழியும். "பாருங்க, தார் கரையுது" என்பார்கள். அது பிரேக் தூளிலுள்ள இரும்போடு சேர்ந்து நிறம் மாறும் அயர்ன் ரிமூவர். தாரை அது தொடாது. தார் கரைந்தால் பழுப்பாகத்தான் வழியும்.

தார் என்பது பிட்டுமன், பெட்ரோலிய வகை. ஷாம்புவுக்கு அசையாது, ஹைட்ரோகார்பன் கரைப்பானுக்குத்தான் இளகும். எனவே தேவை தார் ரிமூவரும் பொறுமையும்தான். முதலில் மணலும் மண்ணும் போக நன்றாகக் கழுவுங்கள். மண் மேல் துணி போட்டால் அதுவே உப்புத்தாள். பிறகு துடைத்து உலர்த்துங்கள், ஈரத்தில் கரைப்பான் சரியாகப் பிடிக்காது. நிழலில், கைவைத்தால் சூடில்லாத பேனலில் தெளித்து 1 முதல் 3 நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். பழைய தார் ஒரே முறையில் போகாது. மறுபடி தெளியுங்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். மண்ணெண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் எண்ணெய்ப் படலம் விடும். எதைப் போட்டாலும் கடைசியில் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். பழைய வாக்ஸும் கரைந்திருக்கும், அந்த இடத்துக்கு மட்டுமாவது திரும்பப் போடுங்கள். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட், ரேப் (மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம்), அண்மையில் அடித்த பெயின்ட் என்றால் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

வெளியில் கொடுத்தே தீரவேண்டுமென்றால், விடும்போதே விளக்குகளையும் கதவின் அடிப்பகுதியையும் அருகில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திரவம், எந்தத் துணி என்று பாட்டிலோடு காட்டச் சொல்லுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலென்றால் காரைத் திருப்பி எடுத்துவிடுங்கள். காரைத் திரும்ப வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன்பு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து கதவில் ஓரடி இடத்தைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நிரப்பி மறைத்த கீறல் அங்கேயே தெரிந்துவிடும்.