மாஸ்கோவா, பீட்டர்ஸ்பர்க்கா: வரலாற்றுச் சின்னங்களைக் காண எந்த நகரம்?

சப்சான் விரைவு ரயில் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுவதால், மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பது இயலாத காரியம் அன்று. ஆனால் நாட்கள் குறைவாக இருந்து, ஒன்றை மட்டுமே நிதானமாகப் பார்க்க முடியும் என்றால், எது என்று தீர்மானித்தாக வேண்டும்.

பழைமைதான் அளவுகோல் என்றால் விவாதத்திற்கே இடமில்லை. மாஸ்கோவின் நடுவிலுள்ள கோட்டையான கிரெம்ளினின் செங்கல் மதில்கள் 1485 முதல் 1495 வரை இத்தாலியக் கட்டடக் கலைஞர்களால் எழுப்பப்பட்டவை. பீட்டர்ஸ்பர்க்கோ நெவா ஆற்றின் கழிமுகச் சதுப்பில் 1703இல்தான் தொடங்கியது. தலைநகரம் பீட்டர்ஸ்பர்க்குக்கு மாறிய பிறகும் ஜார்கள் முடிசூட்டிக்கொள்ள மாஸ்கோ கிரெம்ளினின் விண்ணேற்புப் பேராலயத்துக்கே வந்தனர். ஆனால் பீட்டர்ஸ்பர்க்கை நிறுவிய ஜார் முதலாம் பீட்டருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் அடக்கம் செய்யப்பட்டது பீட்டர்ஸ்பர்க்கின் பீட்டர்-பால் கோட்டைத் தேவாலயத்தில். கடைசி ஜாரான இரண்டாம் நிக்கலாசின் எச்சங்களும் 1998இல் அங்கேயே வைக்கப்பட்டன.

இரண்டு தேவாலயங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். மாஸ்கோவின் செஞ்சதுக்கத்திலுள்ள புனித பசில் தேவாலயம், 1552இல் தாத்தார்களின் கசான் நகரம் வீழ்ந்த வெற்றியின் நினைவாக ஜார் நான்காம் இவான் கட்டுவித்தது, 1561இல் நிறைவுற்றது. வெளியே வண்ணக் குமிழ்க் கூரைகள் கண்ணைப் பறிக்கின்றன. உள்ளே பெரிய மண்டபத்தை எதிர்பார்த்து நுழைபவருக்குக் கிடைப்பவையோ குறுகிய நடைகளும், அவற்றால் இணைக்கப்பட்ட சின்னஞ்சிறு வழிபாட்டு அறைகளும்தான். பீட்டர்ஸ்பர்க்கில், ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் 1881இல் குண்டு வீச்சுக்கு ஆளான இடத்தில் எழுந்த மீட்பர் தேவாலயம், வெளித்தோற்றத்தில் பழைய மாஸ்கோ பாணியை வேண்டுமென்றே பின்பற்றியது. நகரின் ஐரோப்பிய முகத்துக்கு அது சற்றும் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஆனால் அதன் உட்புறச் சுவர்களை 7,000 சதுர மீட்டருக்கும் அதிகமான மொசைக் ஓவியங்கள் மூடியுள்ளன. வெளியே நின்று பார்க்கப் பசில், உள்ளே சென்று பார்க்க மீட்பர் என்பேன்.

கண்ணில் படும் அனைத்தும் மூலக் கட்டடம் என்று நம்பிவிடக் கூடாது. மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயம் 1931இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர் திரும்பக் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் எரிந்த, பீட்டர்ஸ்பர்க் அருகிலுள்ள பீட்டர்கோஃப் அரண்மனையும் மீட்டுருவாக்கப்பட்டதே. இருப்பினும் முழுமையான நகரக் காட்சி பீட்டர்ஸ்பர்க்கில்தான் மிஞ்சியிருக்கிறது. 1918இல் தலைநகரம் மாஸ்கோவுக்குத் திரும்பியதால், மாஸ்கோவில் நடந்தவை போன்ற பெரும் இடிப்பு வேலைகளிலிருந்து பீட்டர்ஸ்பர்க்கின் மையப்பகுதி பெருமளவு தப்பியது.

ஆகவே கோடையில் செல்பவருக்கு நான் பீட்டர்ஸ்பர்க்கையே பரிந்துரைப்பேன்: ஜூனில் இரவிலும் முழுமையாக இருட்டுவதில்லை, மின் இறைப்பான்கள் இன்றி நீரின் உயர வேறுபாட்டாலேயே இயங்கும் பீட்டர்கோஃப் நீரூற்றுகளும் அப்போது ஓடும். குளிர்காலத்தில் அவை நிறுத்தப்பட்டுவிடுவதால் அப்போது மாஸ்கோவே மேல். பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமையும் கிரெம்ளின் அருங்காட்சியகங்களுக்கு வியாழக்கிழமையும் வழக்கமான விடுமுறை; அதற்கேற்ப நாட்களை அமைத்துக்கொள்ள வேண்டும்.